பட்டாளத்தைக் கூப்பிடும் சங்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உலகச் செய்தி பேசும் கூட்டம் நடத்தி வருகிறோம். எருத்தேம்பதி, வடகரப்பதி, எல்லை தாண்டிக் கோபாலபுரம் என்று தமிழ் பேசும் ஊர்க்காரர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். பாதிப் பேர் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க நடுவிலேயே எழுந்து போய்விடுவார்கள். மாலி, எகிப்து, வங்கதேசம் என்று பேச்சு எங்கே போனாலும் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது. தொழிற்சங்கம், வக்கீல் சங்கம், மாணவர் அமைப்பு, மதத் தலைவர்கள் என்று ஜனநாயகத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களே சில நாடுகளில் ராணுவத்தை ஆட்சிக்குள் கூப்பிட்டார்களே, ஏன்? அதை ஒட்டிக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

குடிமைச் சமூக அமைப்பு என்று யாரைச் சொல்கிறீர்கள்?

அரசாங்கமும் இல்லாமல், கட்சியும் இல்லாமல், லாபத்துக்கு நடத்தும் கம்பெனியும் இல்லாமல் ஜனங்கள் ஒரு காரியத்துக்காகக் கூடி நடத்தும் எதையும். வியாபாரிகள் சங்கம், டாக்டர்கள் சங்கம், லாரி உரிமையாளர் சங்கம், மகளிர் அமைப்பு, சர்ச், ஜமாத், வாசகசாலை எல்லாம் இதில் வரும். நமக்குப் பக்கத்து உதாரணம் பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடை. கோக்கோ கோலா ஆலை கிணற்றுத் தண்ணீரைக் கெடுக்கிறது என்று 2002-ல் ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு ஆதிவாசிகளும் விவசாயிகளும் உட்கார்ந்தார்கள். 2004-ல் ஆலை நின்றது.

இந்த உதாரணத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கெட்டவர்கள்தான் ராணுவத்தைக் கூப்பிடுவார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தால் இந்த விஷயம் கடைசி வரை புரியாது. அந்தப் பந்தலில் உட்கார்ந்த மாதிரியான ஆட்களும் சில நாடுகளில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நிஜமாகவே அப்படி நடந்திருக்கிறதா, இல்லை ராணுவம் கட்டிவிடும் கதையா?

நடந்திருக்கிறது. எல்லாரும் டி.வி.யில் பார்த்தது எகிப்து.

2011-ல் ஜனாதிபதி முபாரக்கை வீதிப் போராட்டத்தால் இறக்கிய நாடு அது. 2012-ல் முறையாகத் தேர்தல் நடந்து, முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பைச் சேர்ந்த முகமது முர்சி ஜனாதிபதியானார். வாங்கிய ஓட்டு பாதிக்குச் சற்றே மேல், சுமார் 52 சதவீதம். அந்த நவம்பரிலேயே, தன் ஆணைகளைக் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாது என்று அவர் ஓர் உத்தரவு போட்டார். அங்கேதான் பிடித்தது வினை. 'தமரோத்' என்ற பெயரில் இளைஞர்கள் வீதி வீதியாகக் கையெழுத்து வாங்கினார்கள். 2 கோடியே 20 லட்சம் கையெழுத்து சேர்ந்தது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். 2013 ஜூன் 30-ல் கெய்ரோ வீதிகள் நிரம்பி வழிந்தன. மூன்றே நாளில், ஜூலை 3-ம் தேதி, ராணுவத் தளபதி சிசி டி.வி.யில் தோன்றி முர்சியை நீக்கியதாக அறிவித்தார்.

அன்றைக்கு அவரோடு யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். நோபல் பரிசு வாங்கிய எல்பராதி, அல்-அஸ்ஹர் என்ற இஸ்லாமியக் கல்விப் பீடத்தின் தலைமை இமாம், காப்டிக் கிறிஸ்தவர்களின் போப், தமரோத் இளைஞர்களின் பிரதிநிதி. அத்தனை பேருமாக ஒரே அறையில், சீருடைக்குப் பக்கத்தில். துப்பாக்கி முனையில் யாரும் அவர்களை இழுத்து வரவில்லை.

சரி, ஏன் கூப்பிடுகிறார்கள்? ஒரே காரணமாகச் சொல்ல முடியுமா?

ஒன்றே ஒன்று சொல்லு என்றால் இதைச் சொல்வேன். வீதியை நிரப்பும் பலம் அவர்களிடம் இருக்கிறது. ஓட்டுப் பெட்டியை நிரப்பும் பலம் இல்லை. அல்லது அடுத்த தேர்தல் வரை காத்திருக்கும் பொறுமையோ தைரியமோ இல்லை. வீதியால் ஒரு சர்க்காரை ஆட்டிவிடலாம், இறக்குவது கஷ்டம். அந்தக் கடைசித் தள்ளுக்கு ஆள் தேடும்போது ராணுவம் கண்ணில் படுகிறது.

தாய்லாந்து இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. தக்சின் என்ற கோடீஸ்வரர் 2001-ல் பிரதமரானார். ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் 30 பாட் என்று வைத்தியத் திட்டம் கொண்டுவந்தார். வடக்கு, வடகிழக்கு விவசாயிகள் அவரை விடவே இல்லை. அவர் மேல் ஊழல் புகார் உண்டு, பத்திரிகைகளை மிரட்டினார், போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நிறைய உயிர் போனது. ஆகவே பாங்காக்கில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வீதிக்கு வந்தவர்களின் கோபம் பொய்க் கோபம் இல்லை. ஆசிரியர் சங்கங்கள், அரசு நிறுவனத் தொழிற்சங்கங்கள், கிராம வளர்ச்சிக்காக வருஷக்கணக்கில் உழைத்த தொண்டு நிறுவனக்காரர்கள் வரை அதில் இருந்தார்கள். ஆனால் தேர்தல் வைத்தால் தக்சின்தான் ஜெயிப்பார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் மன்னரே ஒரு பிரதமரை நியமிக்க வேண்டும் என்றார்கள். 2006 செப்டம்பர் 19-ல் டாங்கிகள் வந்தன. டாங்கிக்குப் பூ வைத்துப் படம் எடுத்துக்கொண்டது பாங்காக்.

2007-ல் தேர்தல் வைத்தார்கள். தக்சின் ஆட்களே ஜெயித்தார்கள். 2011-ல் அவர் தங்கை ஜெயித்தார். 2013 கடைசியில் மறுபடி அதே கூட்டம் வீதிக்கு வந்து, 2014 பிப்ரவரித் தேர்தலையே ஒழுங்காக நடக்கவிடாமல் வாக்குச்சாவடிகளை மறித்தது. மே 22-ல் மறுபடி ராணுவம். கிராமத்தான் ஓட்டுப் போடத் தெரியாதவன், பிரியாணிக்கு விலை போகிறவன் என்று படித்தவர்கள் சொல்வதை நம் ஊரிலும் கேட்டிருப்பீர்கள். அதே வார்த்தை கொஞ்சம் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்குத் தாய்லாந்தைப் பார்க்கலாம்.

பயம் இன்னொரு காரணம், அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர் சிறுபான்மை. தங்களை வெறுக்கும் கூட்டம் ஆட்சியில் இருக்கிறது என்று நினைக்கிறவர்களிடம் "இன்னும் மூன்று வருஷம் பொறுங்கள், தேர்தல் வரும்" என்று சொன்னால் காதில் ஏறாது. நாமும் இங்கே மொழிச் சிறுபான்மைதான். அவர்கள் அளவுக்கு நமக்குப் பயம் இல்லை, அவ்வளவே.

வயிற்றுப்பாடும் சேரும். சிலியில் ஜனாதிபதி அலெண்டேயின் இடதுசாரி ஆட்சிக்கு எதிராக 1971 டிசம்பரிலேயே வசதியான வீட்டுப் பெண்கள் காலிப் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். 1972 அக்டோபரில் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். கடைக்காரர்கள், டாக்டர்கள், இன்ஜினியர்கள் சேர்ந்துகொண்டார்கள். நீளமாகக் கிடக்கிற நாட்டில் லாரி ஓடவில்லை என்றால் அரிசி இல்லை, பால் இல்லை. 1973-ல் விலைவாசி ஒரே வருஷத்தில் ஐந்து மடங்குக்கும் மேல் ஏறியது. செப்டம்பர் 11-ல் ராணுவம் ஜனாதிபதி மாளிகையைக் குண்டு போட்டுப் பிடித்தபோது, அப்பாடா என்று பெருமூச்சு விட்ட வீடுகள் நிறைய.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நம்பிக்கை: "கொஞ்ச நாளைக்குத்தான்." சிலியில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிப் பெருந்தலைகள் நினைத்தது அதுதான். ராணுவம் வீட்டைக் கூட்டிச் சாவியைத் திரும்பக் கொடுத்துவிடும் என்று. ஆட்சியைப் பிடித்த தளபதி பினோசே 1990 வரை இருந்தார்.

ராணுவத்தின் மேல் ஜனங்களுக்கு ஏன் இவ்வளவு நம்பிக்கை?

ராணுவத்தை ஜனங்கள் பார்க்கிற சந்தர்ப்பம் அப்படி. மலம்புழாவில் 2022 பிப்ரவரியில் ஓர் இளைஞர் குறும்பாச்சி மலையில் வழுக்கி, பாறைப் பொந்தில் சிக்கிக்கொண்டார். சாப்பாடு தண்ணீர் இல்லாமல் இரண்டு ராத்திரி. தீயணைப்புத் துறை, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் யாராலும் முடியவில்லை. ராணுவ மலையேற்றக்காரர்கள் வந்து கயிற்றில் இறங்கி, அவருக்குத் தண்ணீர் கொடுத்து, இடுப்பில் கட்டி மேலே கொண்டுபோனார்கள். டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்த டீக்கடை மொத்தமும் கை தட்டியது. 2024 ஜூலையில் வயநாடு சூரல்மலையில் மண் சரிந்தபோது, ஆற்றின் மேல் 190 அடி இரும்புப் பாலத்தை ராணுவ இன்ஜினியர்கள் ராப்பகலாக வேலை செய்து போட்டார்கள். நம் ஊர் வாய்க்கால் மதகு ரிப்பேருக்கு எத்தனை வருஷம் மனுக் கொடுத்தோம் என்று நினைத்துப் பார்த்தால், "ரெண்டு வருஷம் மிலிட்டரி கையில குடுத்துப் பாருங்க" என்ற பேச்சு எங்கிருந்து கிளம்புகிறது என்று விளங்கும்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒருவர் ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். அந்தப் பேச்சு எழுந்தபோது அவர் சொன்னார்: "ஆர்டர் வந்துச்சுன்னா பாலம் போடுவோமுங்க. பாலம் எந்தக் கரையில, யார் தோட்டத்து வழியா வரணும்னு ஊருக்குள்ள சண்டை வந்தா, அதுல எங்களுக்குப் பழக்கமில்லீங்க. எங்ககிட்ட எதிர்த்துப் பேசினா அது குத்தம். ஊருல எதிர்த்துப் பேசறதுதானுங்களே பஞ்சாயத்து?"

இந்த நம்பிக்கை நம்மோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2017-ல் எடுத்த கருத்துக் கணிப்பில், ராணுவ ஆட்சி நல்லது என்று சொன்ன இந்தியர்கள் 53 சதவீதம். ராணுவ ஆட்சியை ஒரு நாளும் பார்க்காதவர்கள் நாம், அதனால் சொல்லிவிடலாம். ஆப்பிரிக்காவில் ஆஃப்ரோபாரோமீட்டர் 39 நாடுகளில் எடுத்து 2024-ல் வெளியிட்ட கணிப்பிலும் ஒரு 53 சதவீதம் வருகிறது, ஆனால் கேள்வி வேறு: தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அதிகாரத்தைத் தப்பாகப் பயன்படுத்தினால் ராணுவம் தலையிடலாமா? அதே ஜனங்களில் மூன்றில் இரண்டு பங்கு, எல்லாவற்றையும்விட ஜனநாயகமே மேல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். குழப்பம் மாதிரி தெரியும். ஓட்டுப் போட்டு வந்தவன் ஏமாற்றினால் கேட்க ஆள் வேண்டும் என்கிறார்கள், அவ்வளவுதான்.

சிப்பாயைத் தெருமுனையில் தினமும் பார்த்தவர்கள் வேறு மாதிரி பேசுவார்கள். மணிப்பூரில் மாலோம் பஸ் ஸ்டாப்பில் 2000 நவம்பரில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ராணுவச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து இரோம் ஷர்மிளா 2016 வரை உண்ணாவிரதம் இருந்தார். இலங்கையின் வடக்கே சொந்தபந்தம் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "கொஞ்ச நாளைக்கு ராணுவம் பார்த்துக்கட்டும்" என்று ஒருத்தர் வாயிலும் வராது.

நம் கேரளத்து 'விமோசன சமரம்' இந்தக் கணக்கில் சேருமா?

இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருமே அப்போது பள்ளிக்கூடப் பையன்கள். ஆனால் கட்சி மட்டும் மாறவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1957 ஏப்ரலில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் சர்க்கார் ஓட்டு வாங்கி வந்தது. மெஜாரிட்டி நூலிழைதான், 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ஜெயிக்காவிட்டால் ஆபத்து என்ற நிலை. தேயிலைத் தோட்டத் தமிழர்களிடம் பாவலர் வரதராசன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடிப் பாடி ஓட்டுக் கேட்டது அந்தத் தேர்தலில்தான். சர்க்கார் கொண்டுவந்த கல்வி மசோதா தனியார் பள்ளி நிர்வாகங்களின் கையைக் கட்டியது. நிலச் சட்டம் நிலக்காரர்களைத் தொட்டது. கத்தோலிக்கச் சபை, மன்னத்து பத்மநாபன் தலைமையில் நாயர் சர்வீஸ் சொசைட்டி, முஸ்லிம் லீக், மாணவர்கள், கூடவே காங்கிரஸ் என்று எல்லாம் 1959-ல் வீதிக்கு வந்தன; அந்தப் போராட்டத்துக்குத்தான் விமோசன சமரம் என்று பெயர். ஜூன் 13-ல் அங்கமாலியில் போலீஸ் சுட்டு ஏழு பேர் செத்தார்கள். அடுத்த மாதம் செறியதுறையில் கர்ப்பிணியான ஒரு மீனவப் பெண் குண்டுக்குப் பலியானார். அந்தச் சாவு ஊரையே கொதிக்க வைத்தது. ஜூலை 31-ல் மத்திய அரசு, மாநில ஆட்சியைக் கலைக்க வழி தரும் அரசியல் சாசனத்தின் 356-வது பிரிவைப் போட்டு சர்க்காரைக் கலைத்தது.

ராணுவம் வரவில்லை. அந்த அளவில் இது வேறு. ஆனால் நடந்த விதத்தைப் பாருங்கள். ஓட்டில் தோற்றவர்கள் சபை, சங்கம், பள்ளிக்கூடம் வழியாக வீதியை நிரப்பினார்கள். சர்க்கார் போலீஸை ஏவித் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டது. இறக்கும் வேலையை மேலே இருக்கும் வேறொரு அதிகாரத்திடம் ஒப்படைத்தார்கள். அந்த அதிகாரம் கெய்ரோவில் ராணுவம், இங்கே டெல்லி.

முடிவுதான் மாறுபட்டது. 1960 பிப்ரவரியில், அதாவது ஆறே மாதத்தில், தேர்தல் வந்தது. கம்யூனிஸ்ட்டுகள் 60 சீட்டிலிருந்து 29-க்கு இறங்கினார்கள், ஆனால் வாங்கிய ஓட்டு விகிதம் முந்தையதைவிடக் கூடியது. கட்சியைத் தடை செய்யவில்லை, ஆபீஸைப் பூட்டவில்லை. 1967-ல் இ.எம்.எஸ். மறுபடி முதலமைச்சர். விமோசன சமரம் நியாயமா அநியாயமா என்று நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள். கூப்பிடப்பட்ட அதிகாரத்துக்கே தேர்தலைத் தள்ளிப்போடும் சௌகரியம் இல்லாமல் இருந்தது என்பதை இரண்டு பெரியவர்களுமே மறுக்கவில்லை. டெல்லியும் ஓட்டு வாங்கித்தானே உட்கார்ந்திருந்தது.

கூப்பிட்டவர்களுக்குப் பிறகு என்ன ஆனது?

ரொம்பப் பேர் கேட்பது இதுதான். பதில் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை.

எகிப்தில் ஆறு வாரம் தாங்கவில்லை. 2013 ஆகஸ்ட் 14-ல் கெய்ரோவின் ராபா சதுக்கத்தில் முர்சி ஆதரவாளர்கள் மேல் சுட்டதில் குறைந்தது 817 பேர் இறந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கெடுத்தது. அன்றைக்கே எல்பராதி துணை ஜனாதிபதி பதவியை விட்டு விலகினார். நவம்பரில் ஊர்வலத் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் மாட்டி டிசம்பரில் மூன்று வருஷம் ஜெயிலுக்குப் போனவர் அகமது மாஹெர்; முபாரக்கை எதிர்த்து வளர்ந்து, பிறகு முர்சியை இறக்கவும் கையெழுத்து வாங்கிய 'ஏப்ரல் 6' இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். 2014 ஏப்ரலில் இயக்கத்துக்கே தடை.

பிரேசிலில் 1964 மார்ச்சில் சாவோ பாவ்லோ வீதியில் "குடும்பம், கடவுள், சுதந்திரம்" என்று பெரும் ஊர்வலம் போனார்கள். ஏப்ரலில் ராணுவம் வந்தபோது வக்கீல்கள் சங்கமும் கத்தோலிக்க ஆயர்கள் மாநாடும் வரவேற்றன. அடுத்த வருஷமே ஜனாதிபதித் தேர்தல் என்பது அப்போதைய எதிர்பார்ப்பு. ஜனங்கள் நேரடியாக ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்டது 1989-ல். அதே வக்கீல்கள் சங்கம் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ராணுவ ஆட்சியின் கடும் எதிரியானது. 1980 ஆகஸ்டில் அதன் ரியோ ஆபீஸுக்கு வந்த தபால் குண்டு வெடித்து அங்கே வேலை பார்த்த பெண் ஊழியர் ஒருவர் செத்தார்.

மாலியில் 2020-ல் ஜனாதிபதிக்கு எதிராக வாராவாரம் கூட்டம் திரட்டியது எம்5 என்ற கூட்டமைப்பு. அதன் முகம் இமாம் டிக்கோ. ஆகஸ்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் தலைநகர் பமாக்கோவில் கொண்டாட்டம். 2024-ல் இமாமின் அமைப்பைக் கலைத்தார்கள். அவர் அதற்குள் அல்ஜீரியா போய்ச் சேர்ந்திருந்தார். 2025 மே மாதம் எல்லாக் கட்சிகளும் கலைக்கப்பட்டன. தேர்தல் இல்லாமலே தளபதி கொய்த்தாவுக்கு ஐந்து வருஷப் பதவி.

ராணுவத்தின் கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு சர்க்காரை வீதியிலிருந்து இறக்கத் தெரிந்த கூட்டம் இது என்று கண்ணாரக் கண்டாயிற்று. அடுத்த முறை நம்மையும் இறக்குமே? ஆகவே வந்ததும் முதலில் கை வைப்பது கூட்டம் கூடும் உரிமையில். தாய்லாந்தில் 2014-ல் ஐந்து பேரோ அதற்கு மேலோ அரசியலுக்காகக் கூடக் கூடாது என்று ஆணை போட்டார்கள். ராணுவத்திடம் நிபந்தனை பேசும் பலம் இந்த அமைப்புகளுக்கு, அது பாசறையை விட்டு வெளியே வரும் வரைதான்.

எங்காவது நல்லபடியாக முடிந்திருக்கிறதா?

போர்ச்சுகல். 1974 ஏப்ரல் 25-ல் இளம் அதிகாரிகள் ஒரு சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். ஜனங்கள் துப்பாக்கிக் குழாயில் கார்னேஷன் பூ செருகினார்கள். சரியாக ஒரு வருஷத்தில், 1975 ஏப்ரல் 25-ல், அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் நடந்தது. நடுவில் இழுபறி, எதிர்ப்புரட்சி முயற்சி எல்லாம் உண்டு. ஆனால் அங்கே கவிழ்க்கப்பட்டது ஜனங்கள் ஓட்டுப் போட்டு வந்த ஆட்சி இல்லை. ஓட்டே இல்லாத இடத்துக்கு ஓட்டைக் கொண்டுவருவதும், இருக்கிற ஓட்டைச் செல்லாது என்பதும் வேறு வேறு.

பிலிப்பைன்ஸையும் சொல்வார்கள். 1986-ல் ஜனாதிபதி மார்கோஸ் தேர்தலில் தில்லுமுல்லு செய்தார்; ராணுவத்தில் ஒரு பிரிவு முரண்டு பிடித்தது; கர்தினால் சின் ரேடியோவில் கூப்பிட, லட்சக்கணக்கானவர்கள் டாங்கிக்குக் குறுக்கே நின்றார்கள். பதவிக்கு வந்தவர் தேர்தலில் நின்ற கோரசோன் அக்கினோ, தளபதி இல்லை. அதே பாணியில் 2001-ல் ஜனாதிபதி எஸ்ட்ராடாவை இறக்கியதை நான் நல்ல முடிவில் சேர்க்க மாட்டேன். அவர் முறையாக ஜெயித்தவர். பதவி நீக்க விசாரணை பாதியில் முறிந்ததும் வீதி நிரம்பியது, ராணுவம் அவரைக் கை விட்டது, கதை முடிந்தது.

சூடானை நல்ல பட்டியலில் சேர்க்கலாமா என்று 2019-ல் பலரும் யோசித்தார்கள். டாக்டர், ஆசிரியர், வக்கீல் சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு ராணுவத் தலைமையகத்துக்கு எதிரிலேயே ஜனங்களை உட்கார வைத்து, ஜனாதிபதி பஷீரை இறக்க வைத்தது. ஜூன் 3-ல் அதே இடத்தில் போராட்டக்காரர்களைச் சுட்டார்கள். பிறகு அதிகாரப் பங்கீடு, 2021 அக்டோபரில் மறுபடி ராணுவம், 2023 ஏப்ரலிலிருந்து இரண்டு தளபதிகளின் சண்டையில் நாடே எரிகிறது.

"ஜனங்களைச் சுட மாட்டோம்" என்று ராணுவம் சொல்வதும் ஆட்சியைப் பிடிப்பதும் ஒன்றா?

ஒன்றில்லை. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது. சட்டவிரோத உத்தரவுக்குக் கீழ்ப்படியாதே என்று சிப்பாயிடம் கேட்பது ஒன்று. நீயே வந்து நாற்காலியில் உட்கார் என்பது வேறொன்று. 1975 ஜூன் 25-ல் டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் போலீஸையும் ராணுவத்தையும் பார்த்துச் சொன்னது முதலாவது. இந்திரா காந்தி அதை இரண்டாவதாகக் காட்டி, அன்று இரவே எமர்ஜென்சிக்கு ஒரு காரணமாக்கிக்கொண்டார்.

வங்கதேசத்தில் இரண்டுமே நடந்திருக்கிறது. 2007 ஜனவரி 11-ல் ராணுவம் பின்னால் நிற்க, அவசரநிலையோடு ஒரு காபந்து அரசு அமைந்தது. இரண்டு கட்சிச் சண்டையில் சலித்துப்போன டாக்கா அறிவாளிகள் பலர் வரவேற்றார்கள். ஆகஸ்டில் பல்கலைக்கழகத்தில் கலவரம் வெடித்து ஆசிரியர்களையே கைது செய்தபோது குரல் மாறியது. தேர்தல் 2008 டிசம்பர் கடைசியில்தான் வந்தது. 2024 ஆகஸ்டில் நடந்தது வேறு விதம். மாணவர்கள் மேல் சுட ராணுவம் மறுத்தது, ஷேக் ஹசீனா நாட்டை விட்டுப் போனார், மாணவர்கள் இடைக்கால அரசுக்கு நோபல் பரிசு வாங்கிய யூனுஸ் பெயரைச் சொன்னார்கள், தளபதி ஒதுங்கினார். முழுதாக ஒதுங்கினாரா என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.

வெளிநாட்டுப் பணம் வாங்கிக்கொண்டுதான் இப்படிச் செய்கிறார்கள் என்கிறார்களே?

சில இடத்தில் உண்மை. சிலியில் எதிர்க்கட்சிகளுக்கும் எல் மெர்குரியோ பத்திரிகைக்கும் சி.ஐ.ஏ. பணம் கொடுத்ததை அமெரிக்க செனட் குழுவே 1975-ல் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் பணம் மட்டும் போதாது. பாத்திரம் தட்டிய பெண்மணிக்குக் கடையில் இறைச்சி கிடைக்காதது சி.ஐ.ஏ. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

எல்லா அமைப்புகளும் இப்படித்தானா?

இல்லவே இல்லை. மியான்மரில் 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் வந்ததும் டாக்டர்களும் நர்சுகளும் ரயில்வே ஊழியர்களும் வேலைக்குப் போக மறுத்தார்கள். பாகிஸ்தானில் 1999-ல் ஆட்சியைப் பிடித்த தளபதி முஷரஃபை முற்போக்காளர்கள் என்று பெயரெடுத்த பலரே வரவேற்றார்கள். 2007-ல் தலைமை நீதிபதியை அவர் நீக்கியபோது கறுப்புக் கோட்டு வக்கீல்கள் தடியடி வாங்கிக்கொண்டு வீதியில் நின்றார்கள். புர்கினா ஃபாசோவில் 'பலே சித்வாயே' என்ற இளைஞர் அமைப்பு 2014-ல் 27 வருஷ ஜனாதிபதியை விரட்டியது. இடைக்காலத்தை ஒரு ராணுவ அதிகாரி பிடித்தபோது அதை ஏற்றுக்கொண்டது. 2015 செப்டம்பரில் வேறொரு தளபதி முயன்றபோது வீதியில் இறங்கி முறியடித்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான வக்கீல் கீ ஹெர்வே காமை 2024 ஜனவரியில் இப்போதைய ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டு போனது.

ஒரே அமைப்பு ஒரு வருஷம் கூப்பிடும், மறு வருஷம் எதிர்க்கும். பதவியில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து.

இந்தியாவில் இது நடக்குமா?

நடக்காமல் இருப்பதற்கு ஏற்பாடுகள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் எல்லாப் படைக்கும் மேலே இருந்த ஒரே தலைமைத் தளபதி பதவி 1947-ல் போய், மூன்று படைக்கும் தனித்தனித் தளபதிகள் ஆனார்கள்; 1955-ல் 'கமாண்டர்-இன்-சீஃப்' என்ற பட்டமும் எடுக்கப்பட்டது. படையில் எந்த ஒரு மாநிலமும் மொழியும் மொத்தமாகக் கை ஓங்கவில்லை. பாகிஸ்தான் மாதிரி ஒரே தலைநகரைப் பிடித்தால் நாடே கைக்கு வரும் என்ற நிலையும் இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு கட்சி, சென்னையில் ஒரு கட்சி, டெல்லியில் வேறொன்று.

அதனால் இங்கே சங்கங்கள் கதவைத் தட்டும்போது பாசறைக் கதவைத் தட்டுவதில்லை. கவர்னர் மாளிகைக் கதவைத் தட்டுவார்கள். "இந்த சர்க்காரைக் கலை, கவர்னர் ஆட்சி வரட்டும்" என்று எத்தனை அமைப்புகள் எத்தனை மாநிலத்தில் மனுக் கொடுத்திருக்கின்றன! தமிழ்நாட்டோடு போட்ட ஆழியாற்றுத் தண்ணீர் ஒப்பந்தப்படி நம் பாலக்காட்டுச் சித்தூருக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. வர வேண்டும். அது வராத கோடையில் இங்கேயும் "ரெண்டு சர்க்காரும் வேண்டாம், மத்தியப் படையை இறக்கி மதகைத் திறங்க" என்று பேசியவர்கள் உண்டு. 1959-ல் கேரளத்தில் பயன்படுத்திய அந்த 356 வழியை 1994-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட் ரொம்பவே இறுக்கியது. சர்க்காருக்கு மெஜாரிட்டி இருக்கிறதா என்பதைச் சட்டசபைக்குள்தான் நிரூபிக்க வேண்டும், கலைத்தது சரியா என்று கோர்ட் பார்க்கலாம், தப்பு என்றால் கலைத்த சர்க்காரைத் திரும்ப உட்கார வைக்கலாம். அந்தத் தீர்ப்பின் சாரத்தை எங்கள் கூட்டத்துக்காகத் தமிழில் நாலு பக்கமாக எழுதி வைத்திருக்கிறோம்; வேண்டியவர்கள் வாசகசாலையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.